சூடானால் நிற்கும் எஞ்சின், ஆறினால் ஓடும் எஞ்சின்: திரும்பத் திரும்ப வரும் கிராங்க் சென்சார் கோளாறைப் பிடிப்பது எப்படி?

செக் எஞ்சின் லைட் எரிகிறது; ஸ்கேனரில் பி0335 என்ற கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வருகிறது. எஞ்சின் சுற்றுவதை அளந்து சொல்லும் கிராங்க் சென்சாரை மாற்றுகிறார்கள். செக் எஞ்சின் லைட் அணைகிறது. மூன்று வாரம் கழித்து அதே லைட், அதே கோடு. இன்னொரு சென்சார் வாங்கி மாட்டினாலும் மறுபடி அதேதான். இரண்டாவது சென்சாருக்குப் பிறகும் திரும்பி வருகிறதென்றால், கோளாறு பெரும்பாலும் சென்சாருக்குள் இல்லை. கப்ளரிலோ (சென்சாரில் வயரை மாட்டும் இணைப்பு) வயரிலோ பல் சக்கரத்திலோ உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது சென்சாருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுத்து உட்கார்ந்தால், அரை நாளில் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வேலையில் ஒரே ஒரு விதிதான் முக்கியம். கோளாறு எந்த நிலையில் வருகிறதோ, அந்த நிலையில் வைத்துத்தான் அளக்க வேண்டும். சூட்டில் நிற்கும் வண்டியைக் காலையில் குளிர்ந்திருக்கும்போது அளந்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்வதால்தான் பாதிப் பேர் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

கோடு என்ன சொல்கிறது

எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றுகிறது. வண்டியைப் பொறுத்து அது முன்பக்கப் புல்லியிலோ, பின்பக்கம் பிளைவீலிலோ, பிளாக்குக்கு உள்ளேயோ இருக்கும். மிகவும் பரவலான அமைப்பில் 60 பல் இருக்க வேண்டிய இடத்தில் 58 பல்தான் இருக்கும்; இரண்டு பல் அளவுக்கு ஓர் இடைவெளி. ஒரு பல்லுக்கு 6 டிகிரி. சென்சார் அந்தப் பற்களை எண்ணி அனுப்ப, இடைவெளி வரும் இடத்தை வைத்து முதல் சிலிண்டர் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று எஞ்சினின் கணினியான ஈசியு கணக்குப் போடுகிறது. சில எஞ்சின்களில் 36 பல்லில் ஒன்று குறைந்திருக்கும், வேலை ஒன்றுதான்.

இந்த சிக்னல் போனால் ஸ்பார்க்கும் இன்ஜெக்‌ஷனும் நிற்கும். ஓரிரு நொடியில் ஃபியூயல் பம்ப் ரிலேவும் ஆஃப் ஆகும். மற்ற பல சென்சார் கெட்டால் வண்டி தட்டுத் தடுமாறியாவது வீடு வந்து சேரும். இது கெட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். சில கார்களில் மட்டும் கேம் சென்சாரை (வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் சுற்றுவதைப் படிப்பது) வைத்துச் சமாளிக்கும் ஏற்பாடு உண்டு. அவற்றில் செல்ஃப் நீண்ட நேரம் அடித்த பிறகு ஸ்டார்ட் ஆகும்.

இந்தக் குடும்பத்தில் வரும் கோடுகளைப் பிரித்துப் படிக்க வேண்டும். பி0335 என்றால் சர்க்யூட்டில் சிக்னலே இல்லை. பி0336 என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் பல் எண்ணிக்கை ஒத்துவரவில்லை. பி0337, பி0338 இரண்டும் மின்னளவு குறைவு, அதிகம் என்பவை. பி0339 விட்டுவிட்டு வரும் சிக்னல். இவற்றில் ஒன்றுகூட "சென்சார் கெட்டது" என்று சொல்லவில்லை. சென்சார், கப்ளர், இரண்டு மூன்று வயர், எர்த், ஈசியு பின் எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட்.

பி0336 வந்திருந்தால், அதுவும் கிளட்ச் வேலைக்குப் பிறகு வந்திருந்தால், பல் சக்கரத்தைப் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். கூடவே பி0016 இருந்தால் டைமிங் செயின் அல்லது பெல்ட் தளர்ந்து, கேமும் கிராங்கும் ஒன்றுக்கொன்று விலகியிருக்கலாம். அங்கே சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது.

இன்னொன்று. வண்டி நின்றது, ஆனால் ஸ்கேனரில் கோடே இல்லை என்று பலர் குழம்புகிறார்கள். கேம் சென்சாரிலிருந்து துடிப்பு வந்துகொண்டிருக்கும்போது கிராங்க் துடிப்பு வராவிட்டால்தான் பல ஈசியுக்கள் பி0335 போடும். சிக்னல் அறுந்த நொடியிலேயே எஞ்சினும் நின்றுவிட்டால் கேம் துடிப்பும் நின்றுவிடும். டிரைவர் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டார் என்றே ஈசியு எடுத்துக்கொள்ளும். கோடு இல்லை என்பதை வைத்து கிராங்க் சர்க்யூட்டைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

ஓடும்போது நின்றால்

கோளாறைக் கண்டுபிடிக்கும்வரை இந்த வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்க வேண்டாம். ஓடும்போது எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கனக்கும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் ஓரிரு அழுத்தத்துக்குத்தான் வரும். பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள், ஹசார்ட் லைட் போடுங்கள், இடது ஓரத்துக்கு ஒதுங்குங்கள். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை லாக் பக்கம் திருப்பக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

கோடுகளை அழிக்காதீர்கள், முதலில் படியுங்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஸ்கேனர் மாட்டும் 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும். சாதாரண புளூடூத் இஎல்எம்327 அடாப்டரே இந்த வேலைக்குப் போதும். மூன்று வகைக் கோடுகளையும் எடுங்கள்: பதிவானவை, நிலுவையில் இருப்பவை, நிரந்தரக் கோடுகள். நிரந்தரக் கோடு எல்லா வண்டியிலும் இருக்காது. பிறகு ஃப்ரீஸ் ஃப்ரேமை (கோடு பதிவான நொடியில் ஈசியு சேமித்த அளவுகள்) திறந்து நான்கு எண்களை ஒரு தாளில் எழுதுங்கள்: கூலன்ட் வெப்பநிலை, ஆர்பிஎம், வண்டி வேகம், எஞ்சின் லோடு.

அழித்துவிட்டால் இந்த நான்கும் போய்விடும், திரும்பக் கிடைக்காது. "கோடு கிளியர் பண்ணிட்டோம், ஓட்டிப் பாருங்க" என்பது உதவி மாதிரித் தெரியும்; உண்மையில் கையில் இருந்த சாட்சியைக் கிழித்துப் போடுவது.

கூலன்ட் 90 டிகிரிக்கு மேல், வேகம் பூஜ்யம், ஆர்பிஎம் ஐடிலுக்கு அருகில் என்றால் வெப்பம் சார்ந்த கோளாறு. கூலன்ட் 30 டிகிரி, ஆர்பிஎம் 200க்குள் என்றால் ஸ்டார்ட் செய்யும்போது வந்தது. முதலில் பேட்டரியைப் பாருங்கள். வேகம் 40, 50 என்று இருந்து வெப்பநிலை சாதாரணமாக இருந்தால் அதிர்வில் அசையும் வயர் அல்லது கப்ளர் பின்.

பேட்டரி விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. போனால் கிராங்க் மெதுவாகச் சுற்றும். காயில் வகைச் சென்சாரின் (உள்ளே காந்தமும் கம்பிச் சுருளும் உள்ளது) சிக்னல் சுற்றும் வேகத்தைப் பொறுத்தது. மெதுவாகச் சுற்றினால் ஈசியுவால் படிக்க முடியாத அளவுக்கு மெலிந்துவிடும். பழைய பேட்டரிக்குப் பதில் புதுச் சென்சார் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

எஞ்சின் எப்படி நிற்கிறது என்று பாருங்கள்

ஓபிடி ஆப்பில் ஆர்பிஎம், வேகம், கூலன்ட் வெப்பநிலை மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய விடுங்கள். பத்து அளவுகளைச் சேர்த்தால் அடாப்டர் திணறும்; ஒவ்வொரு எண்ணும் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும், நமக்கு வேண்டிய நொடி நழுவிவிடும். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, போக்குவரத்து இல்லாத தெருவில் ஓட்டுங்கள்.

வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது நின்றால் ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டர் முள்ளைக் கவனிக்க வேண்டும். கிளட்சை மிதிக்காதவரை சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டேதான் இருக்கும். உண்மையான ஆர்பிஎம் பூஜ்யமாக முடியாது. அப்படியிருந்தும் முள் சடாரென்று பூஜ்யத்தில் விழுந்தால், எஞ்சின் சுற்றுவது ஈசியுவுக்குத் தெரியவில்லை என்று பொருள். சிக்னல் அறுந்திருக்கிறது. முள் படிப்படியாக இறங்கி, வண்டி இழுத்து இழுத்து நின்றால் பெட்ரோல், காற்றுப் பக்கம் தேடுங்கள்.

மூன்றாவது ஒரு விதமும் உண்டு. நின்ற அதே நொடியில் ஸ்கேனர் இணைப்பும் அறுந்து, டேஷ்போர்டில் செக் எஞ்சின் லைட்கூட எரியவில்லை என்றால் ஈசியுவுக்கே கரன்ட் போயிருக்கிறது. மெயின் ரிலே, இக்னிஷன் சுவிட்ச், எர்த் போல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். இந்தக் கோளாறும் சூட்டில் வந்து ஆறினால் போகும். கிராங்க் சென்சார் தலையில் தவறாகப் பழி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

நின்ற பிறகு செல்ஃப் அடித்துப் பாருங்கள். ஸ்கேனரில் 150 முதல் 250 வரை ஆர்பிஎம் காட்ட வேண்டும். எஞ்சின் சுற்றும் சத்தம் கேட்கிறது, ஸ்கேனர் பூஜ்யம் காட்டுகிறது என்றால், கோளாறு இந்த நிமிடம் உயிரோடு இருக்கிறது. ஆறும்வரை காத்திருக்காமல் உடனே மல்டிமீட்டரை எடுக்க வேண்டிய நேரம் அது.

டீக்கடையில் பத்து நிமிடம்

ஓடும்போது ஒன்றும் இல்லை. டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. அரை மணி கழித்து எதுவும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. இந்தப் புகாருக்குத் தெளிவான காரணம் இருக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் கூலன்ட் ஓட்டம் நிற்கிறது, முன்னாலிருந்து வரும் காற்றும் நிற்கிறது. இரும்பில் இருக்கும் சூடு வெளியே கசிந்து, அடுத்த பத்து இருபது நிமிடத்துக்கு பானெட்டுக்குள் வெப்பம் ஏறும். சென்சார் மிகவும் சூடாக இருப்பது ஓட்டத்தில் அல்ல, நிறுத்திய பிறகுதான்.

காயில் வகைச் சென்சாருக்குள் தலைமுடியைவிட மெல்லிய தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் வார்ப்பு. தாமிரமும் பிளாஸ்டிக்கும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. கம்பியில் எங்காவது கீறல் இருந்தால் சூட்டில் இழுபட்டு விலகும். ஆறினால் இரண்டு முனையும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆறிய சென்சாரை எத்தனை முறை அளந்தாலும் சரியான ஓம்தான் காட்டும்.

கண்ணாலும் கையாலும்

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சென்சார் இருக்கும் இடத்தை வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளைவீல் பக்கம் என்றால் கீழிருந்துதான் கை போகும். ரேம்ப் அல்லது ஜாக் ஸ்டாண்ட் தேவை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

கப்ளர் லாக் முழுதாக விழுந்திருக்கிறதா, ரப்பர் சீல் இருக்கிறதா, உள்ளே ஆயில் இருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சை என்றால் தண்ணீர் போயிருக்கிறது. எஞ்சினைப் பிரஷர் வாஷ் செய்தபோதோ, மழைக்கால வெள்ளத்தில் ஓட்டியபோதோ நடந்திருக்கலாம். காண்டாக்ட் கிளீனர் அடித்து, காற்றில் உலர விடுங்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் பின் மேலிருக்கும் முலாம் போய், அடுத்த மழையில் இன்னும் வேகமாகத் துரு ஏறும்.

ஆயில் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். பின்பக்க மெயின் சீல் கசிந்தால் அந்தப் பக்கத்துச் சென்சார் நாள் முழுக்க ஆயிலில் ஊறும். சீலை விட்டுவிட்டுச் சென்சாரை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மறுபடி வேலை வரும்.

வயரைக் கப்ளரிலிருந்து மேலே ஓர் அடிக்கு விரலால் தடவிக்கொண்டே போங்கள். சைலன்சர் மேனிஃபோல்டுக்கு அருகில் போகும் இடத்தில் இன்சுலேஷன் மொறுமொறுப்பாகக் காய்ந்திருக்கும். பிராக்கெட் விளிம்பில் உரசும் இடத்தில் ஒரு பளபளப்பான கோடு தெரியும். அதற்குள்ளேதான் தாமிரம் எட்டிப் பார்க்கும். எலி கடித்த இடம் பல் பதிந்து சாய்வாக வெட்டியதுபோல இருக்கும். வயரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீண்டு கொடுத்தால் உள்ளே கம்பி அறுந்து, மேலுறை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கப்ளருக்குள் இருக்கும் பெண் முனைகள்தான் பலர் தவறவிடும் இடம். மல்டிமீட்டரின் தடித்த முனையை அதற்குள் குத்தினால் அந்த மெல்லிய தகடு விரிந்துவிடும். அன்றைக்கு வேலை செய்யும்; பிறகு குழியில் வண்டி இறங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டுப்போகும். முதல் பரிசோதனையே இரண்டாவது கோளாறை உண்டாக்கிய வண்டிகள் இப்படித்தான் உருவாகின்றன. அளக்க வேண்டுமானால் வயர் நுழையும் பின்பக்கம் வழியாக மெல்லிய ஊசி முனையை விடுங்கள். பிடிப்பைச் சோதிக்க, பழைய சென்சார் ஒன்றிலிருந்து அதே அளவு ஆண் பின்னை எடுத்து ஒவ்வொரு முனையிலும் நுழைத்து இழுங்கள். லேசான பிடிப்பு தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த முனையை மாற்றுங்கள். குறடால் நசுக்கிச் சரிசெய்வது நீடிக்காது.

இரண்டு வயர் சென்சாரை அளப்பது

இரண்டு வயர், அல்லது இரண்டு வயரோடு மின் இரைச்சலைத் தடுக்கும் ஒரு ஷீல்டு வயர் இருந்தால் பொதுவாகக் காயில் வகை. மூன்று வயரும் சென்சாரின் வேலைக்கே (சப்ளை, எர்த், சிக்னல்) போகிறதென்றால் ஹால் வகை, அதாவது உள்ளே மின்னணுச் சில்லு (ஐசி) உள்ள சென்சார். சந்தேகம் இருந்தால் வயரிங் படத்தைப் பார்த்த பிறகே மீட்டரை வையுங்கள். ஹால் சென்சாரில் ஓம் மீட்டர் வைப்பதால் பயன் இல்லை. உள்ளே இருக்கும் ஐசிக்குக் கேடு வரவும் இடம் உண்டு.

கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கத்துப் பின்களில் ஓம் அளவு எடுங்கள். வண்டியைப் பொறுத்து 200 முதல் 1,500 ஓம் வரை இருக்கும். பல கார்களில் 800க்கும் 1,000க்கும் நடுவில். மேனுவல் சொல்லும் எண்தான் முடிவு. அடுத்து, ஒரு பின்னுக்கும் சென்சாரின் உலோக உடலுக்கும் அல்லது எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் அளந்தால் மீட்டர் ஓப்பன் (இணைப்பே இல்லை) என்று காட்ட வேண்டும். ஏதாவது ஓம் காட்டினால் காயில் பாடியோடு ஒட்டுகிறது; சென்சாரை மாற்றிவிடலாம்.

இனி சூடான அளவு. தாமிரத்தின் ஓம், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் 900 ஓம் இருந்த சென்சார் 90 டிகிரியில் சுமார் 1,110 ஓம் காட்டும். அந்த ஏற்றம் இயல்பானது, அதைப் பார்த்துச் சென்சாரைத் தூக்கிப் போட வேண்டாம். நாம் தேடுவது திடீர்த் தாவல்: 1,080, 1,090 என்று ஏறிக்கொண்டிருந்த எண் சட்டென்று ஓப்பனுக்குப் போய்த் திரும்பி வருவது. சென்சாரைக் கழற்றி, பின்களில் மீட்டர் வயரைக் கிளிப் செய்து, ஹேர் டிரையரால் ஐந்து பத்து நிமிடம் சூடேற்றுங்கள். நடுநடுவே வயர் வெளியே வரும் கழுத்தை லேசாக வளைத்துப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டர் நொடிக்குச் சில முறைதான் எண் மாற்றும். அதனால் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பிடித்துவைக்கும் (MIN/MAX) வசதி உள்ள மீட்டர் நல்லது. பழைய முள் மீட்டர் இன்னும் நல்லது, முள் துடிப்பது கண்ணுக்குத் தெரியும்.

தெருவில் வண்டி நின்றபோதே அளக்க முடிந்தால் அதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. அதற்காகவே மீட்டர் சில நாள் வண்டியில் இருக்கட்டும். நின்ற உடனே கப்ளரைக் கழற்றி ஓம் பாருங்கள். ஓப்பன் என்றால் சென்சார்தான், முடிந்தது. சரியான ஓம் இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் வயரிங் பக்கம் போகலாம். கைக்கு எட்டும் இடத்தில் சென்சார் இருந்தால் ஈரத்துணியை அதன்மேல் மட்டும் இரண்டு நிமிடம் வைத்துவிட்டுச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் கோளாறு சென்சாரில்தான் என்று தெரிந்துவிட்டது. சூடான சைலன்சர் பக்கத்தில் இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து சிக்னல். சென்சாரை அதன் இடத்தில் மறுபடி மாட்டி, கப்ளரை மட்டும் கழற்றி வைத்து, பேட்டரியை இணையுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி, சென்சார் பின்களில் கிளிப் செய்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். கப்ளர் கழன்றிருப்பதால் பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. பல வண்டிகளில் 0.5 வோல்ட்டுக்கு மேல் வரும். ஹெர்ட்ஸ் வசதி இருந்தால் அதையும் பாருங்கள். 58 பல் சக்கரத்தில் 200 ஆர்பிஎம்மில் நொடிக்கு சுமார் 193 துடிப்பு வர வேண்டும். ஓம் சரி, வோல்ட் மட்டும் குறைவு என்றால் மூன்றில் ஒன்று: சென்சார் முனைக்கும் பல்லுக்கும் இடைவெளி அதிகம், முனையில் இரும்புத்தூள் அப்பியிருக்கிறது, அல்லது செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது.

மூன்று வயர் ஹால் சென்சார்

இக்னிஷனை ஆன் செய்து, கழற்றிய வயரிங் பக்கக் கப்ளரில் சப்ளை வயரை அளங்கள். 5 வோல்ட் வகையில் 4.9க்கும் 5.1க்கும் நடுவில் இருக்க வேண்டும். சில வண்டிகளில் 12 வோல்ட் சப்ளை. சிக்னல் வயரில் பொதுவாக ஈசியு தரும் 5 வோல்ட் தெரியும். எர்த்தை ஓமில் அளக்காதீர்கள். கப்ளரை மாட்டி, இக்னிஷன் ஆனில், பின்பக்கம் வழியாக எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் டிசி வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போதும் பாருங்கள். எஞ்சின் எர்த் கேபிள் துருப்பிடித்திருந்தால் அப்போதுதான் எகிறும்.

5 வோல்ட் இல்லை அல்லது 3 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கிறது என்றால் உடனே ஈசியுவைக் குற்றம் சொல்ல வேண்டாம். அந்த 5 வோல்ட்டைப் பல சென்சார்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஏர்கண்டிஷனர் பிரஷர் சென்சாரோ வேறொன்றோ உள்ளே ஷார்ட் ஆனால் மொத்த லைனையும் கீழே இழுக்கும். பி0641 அல்லது பி0651 கோடும் கூட வந்திருந்தால் இதுதான் வழி. மீட்டரை 5 வோல்ட் லைனில் வைத்துக்கொண்டு மற்ற சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ, கோளாறு அங்கே.

சிக்னலைப் பார்க்க இன்ஜெக்டர், இக்னிஷன் காயில் ஃபியூஸ்களை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி எஞ்சின் ஓடும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். சிக்னல் வயர் பூஜ்யத்துக்கு அருகிலிருந்து 5 வோல்ட்டுக்கும், மறுபடி பூஜ்யத்துக்கும் தாவ வேண்டும். ஒரே நிலையில் நின்றுவிட்டால், சப்ளையும் எர்த்தும் சரியாக இருக்கும்பட்சத்தில், சென்சார் போய்விட்டது.

வயரிங்

சென்சார் தேறிவிட்டதா? வேலையின் பொறுமையான பகுதி இது. பேட்டரியைக் கழற்றி, ஈசியு கப்ளரையும் எடுங்கள். ஈசியு முனையிலிருந்து சென்சார் முனைவரை ஒவ்வொரு வயரும் 1 ஓமுக்குள், ஒரு வயருக்கும் இன்னொரு வயருக்கும் நடுவில் ஓப்பன், ஒவ்வொரு வயருக்கும் பாடிக்கும் நடுவில் ஓப்பன். அளக்கும்போது உதவியாளர் ஒருவர் வயரை அடி அடியாக அசைத்துக்கொண்டே வரட்டும், குறிப்பாக கிளிப் போட்ட இடங்களிலும் எஞ்சினிலிருந்து பாடிக்குத் தாவும் வளைவிலும்.

ஓம் மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 0.2 ஓம் என்று நல்ல பேர் கொடுக்கும். இரண்டு முனையும் ஈசியு, சென்சாரிலிருந்து கழன்றிருப்பதை உறுதிசெய்து, அந்த வயர் வழியாக 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை எரிய விடுங்கள். நேரடியாகப் பேட்டரியில் எரிவதைவிட மங்கலாகவோ, வயரை அசைத்தால் சிமிட்டியோ எரிந்தால் அந்த வயருக்குள் அறுப்பு இருக்கிறது.

ஒட்டுப் போடும் விதத்தில் கவனம் வேண்டும். காயில் சென்சாரின் இரண்டு வயரும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பது ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில் இரைச்சல் ஏறாமல் தடுக்கத்தான். சால்டர் வைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, ஒட்டுகள் இரண்டும் ஒரே இடத்தில் வராமல் 3 செ.மீ. தள்ளி வைத்து, மறுபடி முறுக்கிவிடுங்கள். ஷீல்டு வயரை ஒரு முனையில் மட்டுமே எர்த் செய்ய வேண்டும். இரண்டு முனையிலும் எர்த் கொடுத்தால் அதுவே இரைச்சலுக்கு வழி திறக்கும்.

காயில் வகையில் இரண்டு வயரையும் இடம் மாற்றி ஒட்டிவிடாதீர்கள். சிக்னல் தலைகீழாகி, ஈசியு இடைவெளிப் பல்லைத் தப்பாகப் படிக்கும். ஸ்டார்ட் ஆகத் தாமதம், தடுமாற்றம், புதிதாக ஒரு பி0336. ரிப்பேருக்குப் பிறகு கோடு எண் மாறியிருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பல் சக்கரமும் இடைவெளியும்

சென்சாரைக் கழற்றிய துளை வழியாக டார்ச் அடித்து, எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்று திருப்பி ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். வளைந்தது, உடைந்தது, இடையில் கிளட்ச் தூளும் ஆயிலும் சேர்ந்து அடைத்தது எல்லாம் தெரியும். கியர்பாக்ஸ் இறக்கும்போது கம்பி பட்டு ஒரு பல் வளைந்தாலும் பி0336 வந்துகொண்டே இருக்கும். எத்தனை சென்சார் மாற்றினாலும் போகாது. டீசல் வண்டிகளில் டூயல் மாஸ் பிளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்த இரண்டு பாகப் பிளைவீல்) தேய்ந்து ஆடினால், சென்சார் முனைக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். ஐடிலில் கடகட சத்தமும் சேர்ந்து வந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

இந்த இடைவெளி பல வண்டிகளில் 0.5 முதல் 1.5 மி.மீ. வரை. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையும் இடமாக இருந்தால் நேரடியாக அளக்கலாம். இல்லாவிட்டால் பழைய சென்சாரையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, உட்காரும் முகத்திலிருந்து முனைவரை வெர்னியரால் அளந்து ஒப்பிடுங்கள். டூப்ளிகேட் சென்சாரில் முனை 1 மி.மீ. குட்டையாக இருந்தாலே போதும். சூட்டிலும், மெதுவாகச் சுற்றும்போதும் சிக்னல் கைவிட்டுவிடும். புதுச் சென்சார் மூன்று வாரத்தில் "கெட்டுப்போகும்" கதைகளில் பல இங்கே முடிகின்றன. பார்ட் நம்பரைச் சரிபார்த்து, வண்டி கம்பெனியின் பார்ட்ஸ் கவுன்டரிலோ, அந்த வண்டிக்கு முதலில் சென்சார் செய்துகொடுத்த கம்பெனியின் பெட்டியிலோ வாங்குங்கள்.

மாட்டுவது

பொதுவாக ஒரே எம்6 போல்ட், 10 மி.மீ. ஸ்பேனர். கழற்றும் முன் சுற்றிலும் பிரஷ் போட்டு மண்ணை நீக்குங்கள். துளை வழியாக உள்ளே விழக் கூடாது. இறுகிப் போன சென்சாரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல் இடமும் வலமுமாகத் திருகி வெளியே எடுங்கள். உடைந்து பாதி உள்ளே நின்றால் கியர்பாக்ஸ் இறக்கும் வேலையாகிவிடலாம். முனையில் மெல்லிய இரும்புத்தூள் படிந்திருப்பது காந்தத்துக்கு இயல்பு, துணியால் துடைத்தால் போதும். கருப்புக் களிம்பாக, செதில் செதிலாக இருந்தால் உள்ளே எதுவோ தேய்கிறது.

புது ஓ-ரிங்கில் ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவி, கையால் முழுதாக உட்காரும்வரை அழுத்துங்கள். போல்ட்டைக் கொண்டு சென்சாரை உள்ளே இழுக்கக் கூடாது, போல்ட் நுழையும் காது உடையும். பழைய சென்சாருக்கு அடியில் ஷிம் (மெல்லிய வாஷர் தகடு) இருந்திருந்தால் அதையும் திரும்ப வையுங்கள். முறுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். மேனுவல் வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். வயரை அதன் பழைய கிளிப்களில், பழைய பாதையிலேயே போடுங்கள். சில வண்டிகளில் ஸ்கேனர் மூலம் கிராங்க் ரீலேர்ன் (சென்சார் சிக்னலை ஈசியுவுக்குப் புதிதாகப் பழக்குவது) செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் பி0315 வரும், மிஸ்ஃபயர் கண்காணிப்பும் வேலை செய்யாது.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

கோடுகளை இப்போது அழிக்கலாம். லைட் அணைந்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கோளாறு வந்த அதே நிலையைத் திரும்ப உண்டாக்குங்கள். முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் ஓட்டி, பானெட்டைத் திறக்காமல் பதினைந்து நிமிடம் நிறுத்தி, ஸ்டார்ட் செய்யுங்கள். ஐந்து முறை இதே சுற்று. ஒவ்வொரு முறையும் செல்ஃப் அடிக்கும் போது ஸ்கேனரில் ஆர்பிஎம் உடனே எழுகிறதா என்று பாருங்கள். ஐடிலில் ஓடவிட்டு, சுழலும் பெல்ட்டிலும் ஃபேனிலும் கை படாமல் வயரிங்கை அசைத்துப் பாருங்கள். நிலுவைக் கோடு பட்டியலையும் தினம் ஒருமுறை திறந்து பாருங்கள். லைட் எரிவதற்கு முந்தைய ஓட்டத்திலேயே கோளாறு அங்கே தலைகாட்டிவிடும். நிரந்தரக் கோடு ஸ்கேனரால் அழியாது, ஈசியு தன் சோதனையை முடித்துத் தேறிய பிறகு தானாக நீங்கும்.

எல்லா அளவும் தேறி, புது வயர் நேரடியாக இழுத்த பிறகும் கோளாறு வந்தால் மட்டுமே ஈசியுவைத் திறக்கும் பேச்சு. அப்போதும் முதலில் ஈசியு எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்டும் துருவும் போகச் சுத்தம் செய்து மாட்டுங்கள். பிறகு ஈசியு கப்ளரில் அந்தக் குறிப்பிட்ட பின்னின் பிடிப்பைச் சோதியுங்கள்.

கழற்றிய பழைய சென்சார் சூட்டிலும் அளவிலும் தேறியிருந்தால் குப்பையில் போட வேண்டாம். துடைத்து, கப்ளர் வாயை மூடி, ஒரு 10 மி.மீ. ஸ்பேனரோடு டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள்.